மண்டலச் சாலைத் திட்டம்: நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு மீறினால்?

கேள்வி: அமெரிக்காவில் காற்றின் ஓசோன் அளவு அரசுத் தரத்துக்குள் வராத ஒரு பகுதி, அதற்கு 20 ஆண்டுச் சாலைத் திட்டம். மூவ்ஸ் (வாகனப் புகையைக் கணக்கிடும் அரசு மாடல்) கணக்கில், கணக்கிடும் முதல் ஆண்டிலேயே வண்டிகள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடு மாநிலம் வகுத்த வரம்பைத் தாண்டுகிறது. எங்கே தேடுவது?

பதில் 1: முதலில் உள்ளீட்டைப் பாருங்க. வண்டிகளின் வயதுப் பட்டியல் பழைய பதிவிலிருந்து வந்திருந்தால் கணக்கு எகிறும். வேகத்தை ஒரே சராசரியாகக் கொடுக்காதீங்க. மூவ்ஸ் 16 வேகப் பிரிவுகள் கேட்கும். காலை 8 மணி நெரிசல் வேறு, நள்ளிரவு வேறு. கனரக டீசல் லாரிகளின் ஓட்டத்தைத் தனியாகச் சரிபாருங்க. எண்ணிக்கையில் கொஞ்சம்தான், நைட்ரஜன் ஆக்சைடில் பெரும்பங்கு அவற்றுடையது.

பதில் 2: வரம்பு எந்த மாடலில் போட்டது? பழைய மாடலின் வரம்போடு புது மாடலின் கணக்கை ஒப்பிட்டால் பொருந்தாது. அப்போது மாநிலம் வரம்பையே திருத்தணும்.

பதில் 3: எண்களை இழுத்துப் பொருத்த மட்டும் பார்க்காதீங்க, அந்தக் காற்றைச் சாலையோரக் குழந்தைகள் சுவாசிக்கிறாங்க. சிக்னல் ஒருங்கிணைப்பு, பழைய லாரி மாற்றம் எல்லாம் புகைக் குறைப்பாகக் கணக்கில் ஏறணும்னா நிதியும் பொறுப்பும் எழுத்தில் இருக்கணும். திட்டம் வரம்புக்குள் இருக்குன்னு காட்டும் உறுதிப்பாடு குறைந்தது 4 ஆண்டுக்கு ஒருமுறை வேணும். கெடு தவறினால் 12 மாத அவகாசம். அதுவும் போனால் புதிய சாலை விரிவாக்கம் நின்னுடும், விலக்குப் பெற்ற பாதுகாப்புப் பணி மாதிரியானவை மட்டும் நடக்கும்.