காட்டுநாயக்கன் பிள்ளைகளின் சாதிச் சான்றுக்குக் கை கொடுங்கள்

மதுரை நண்பர்களே, பரவை, சமயநல்லூர் பக்கம் காட்டுநாயக்கன் பிள்ளைகள் பழங்குடிச் சான்று கிடைக்காமல் படிப்பில் தடுமாறுகிறார்கள். வெளியே யாருக்கும் இது தெரிவதில்லை. 1989 நவம்பருக்கு முன் தாசில்தாரே கொடுத்த சான்று இது. பிறகு கோட்டாட்சியர்தான் தரவேண்டும். மனு அடிபடும் இடம் பெரும்பாலும் பெயர்தான். அப்பாவின் பள்ளிப் பதிவில் வெறும் 'நாயக்கர்' என்றிருக்கும், அரசின் பழங்குடிப் பட்டியலில் இருப்பதோ காட்டுநாயக்கன். அன்று வாத்தியார் காதில் விழுந்ததை எழுதினார், இன்று மகள் தவிக்கிறாள்.

இ-சேவையில் மனு ஏற்றத் தெரிந்தவர்கள், பழைய சேர்க்கைப் பதிவேட்டு நகல் எடுத்துத் தரக்கூடிய தலைமையாசிரியர்கள் வேண்டும். தந்தைவழி உறவில் யாரிடமாவது 1989க்கு முந்தைய சான்று இருந்தால் அதைத் தேடுவதே முதல் வேலை; கூடவே மூன்று தலைமுறை வம்சாவளி. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்க, கூட வர ஒரு வழக்கறிஞரும் தேவை. வரமுடிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.