ரெண்டு கட்டைல நிக்காத ரெக்கார்டு

எங்க சித்தப்பா கப்பல்ல வேலை பாத்தவர், போற ஊர்ல எல்லாம் எல்பி வாங்கிடுவார். ஜாஸ், பியானோ, கிடார்னு பாட்டுக்காரங்களே இல்லாத ரெக்கார்டா 60 சொச்சம் இப்ப என்கிட்ட இருக்கு, கூடவே நான் காலேஜ் படிக்கறப்ப சேர்த்த சிடிங்க. தூசி தட்டி தட்டியே வெச்சிருக்கோமேன்னு இந்த மார்கழில ஒரு முடிவு பண்ணேன், ஷெல்ஃபோட இடது ஓரத்துல ஆரம்பிச்சு தினம் ராத்திரி ஒண்ணு, முழுசா, ஃபோனைத் தொடாம.

மூணாவது நாளே ஜாஸ் ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. இதுகூட எனக்குப் பழைய வழக்கு ஒண்ணு இருக்கு. நான் கொஞ்சம் வயலின் கத்துக்கிட்டவ. முதல் பாட்டு ‘ஸோ வாட்’ நம்ம கணக்குல கரகரப்ரியா ராகத்து ஸ்வரங்கதான், சுருதி ரெண்டு கட்டை (கட்டை ஏற ஏற சுருதி உசரும்), நடுவுல எட்டு பார் (தாளச் சுத்து) மட்டும் அரைக் கட்டை ஏறிட்டு மறுபடி இறங்கிடும். ஸ்கூல் படிக்கறப்ப அந்த எல்பி கூட வாசிக்கப் பாத்தா ஒட்டவே ஒட்டாது. சுருதிப் பெட்டிய ரெண்டுல வெச்சா ரெக்கார்டு மேல நிக்கும், ரெண்டரைக்கு ஏத்தினா கீழ நிக்கும். ஒனக்கு சுருதி சேர்க்கத் தெரியலடின்னு சித்தப்பா, ரெக்கார்டைச் சுத்த வைக்கற உங்க ப்ளேயர் பெல்ட்டு சரியில்லன்னு நான். ரெண்டு பேரும் தப்பு! 1959 மார்ச் 2ல நியூயார்க்ல ரெக்கார்ட் பண்ணப்ப மெயின் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அந்த டேப்ப நார்மல் ஸ்பீடுல ஓட்டி எல்பி போட்டதால முதல் பக்கத்து மூணு பாட்டும் சுருதி ஏறிப்போச்சு. 1992லதான் கூடவே ஓடின இன்னொரு டேப்ப எடுத்து சரி பண்ணாங்க. ரெண்டாம் பக்கம் ஏப்ரல் 22ல எடுத்தது, அதுல தப்பே இல்ல. ‘ஆல் ப்ளூஸ்’க்கு அஞ்சு கட்டை வெச்சா அப்பவே பிசிறில்லாம ஒட்டும், பெல்ட்டு பழுதுன்னா ரெண்டு பக்கமும்ல ஏறணும், அதுலயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேணாமா? இந்தத் தடவை எல்பிய முடிச்சுட்டு திருத்தின சிடியப் போட்டு பெட்டிய ரெண்டுல வெச்சேன், பாஸ் (கீழ் ஸ்தாயி தந்தி வாத்தியம்) ஆரம்பத்துல கேள்வி கேக்கற மாதிரி அந்த வரிய வாசிச்சுது பாருங்க, அப்படியே பெட்டிக்குள்ள போய் உக்காந்துடுச்சு. காட்டறதுக்கு சித்தப்பாதான் இல்ல.

அடுத்து ஜாஸ் பியானோக்காரர் டேவ் ப்ரூபெக். ‘டேக் ஃபைவ்’ ஓடுறப்ப அப்பா வந்து உக்காந்து, அஞ்சு எண்ணிக்கைன்னதும் நம்ம கண்டசாபு தாளம்னு தக தகிட (ரெண்டு, மூணு) போட ஆரம்பிச்சுட்டார். ரெண்டு தாளச் சுத்து போனதும் கை நின்னுடுச்சு. “என்னம்மா தலைகீழா போறான்”னார். ஆமா, அது தகிட தக, மூணு முன்னாடி ரெண்டு பின்னாடி. அதே ரெக்கார்டுல ‘ப்ளூ ரோண்டோ’ ஒம்போது, தக தக தக தகிட, அதை மட்டும் கப்னு பிடிச்சுட்டார். 1958 டூர்ல இஸ்தான்புல் தெருவுல வாசிச்சவங்ககிட்ட ப்ரூபெக் கேட்ட தாளம் அது, அந்த டூர்ல இந்தியாவுக்கும் வந்துட்டுப் போனார்.

நடுவுல வந்த சில ஃப்யூஷன் ரெக்கார்டு தூங்க வெச்சுடுச்சு, விடுங்க.

பியானோக்காரர் கீத் ஜாரெட்டோட ஜெர்மனி கொலோன் கச்சேரி (1975 ஜனவரி) ஒரே பக்கம் 26 நிமிஷம். ரிஹர்சலுக்கு வெச்சிருந்த சின்ன பியானோவ தப்பா மேடைல போட்டுட்டாங்களாம், மேல் ஸ்தாயி தகரம் மாதிரி, கீழ கனமே கிடையாது, அதனால மனுஷன் நடுப்பகுதியவே சுத்தி சுத்தி வர்றார், இடது கை ஒரே மடக்கை விடாம போட்டுக்கிட்டே இருக்கு. அம்மா அடுப்படில இருந்து “யாருக்குடி உடம்பு சரியில்ல?”ன்னு கேட்டாங்க, அவர் வாசிச்சுக்கிட்டே முனகுறது அது.

இப்ப ‘சக்தி’ங்கற பேண்டுகிட்ட வந்து நிக்குது வண்டி. மெக்லாஃப்ளின் கிடார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் மாமா கடம், அந்த முதல் எல்பி. கவரைப் பிரிச்சா ரெக்கார்டு பூரா வெள்ளையா பூஞ்சை. ஊசியை வெக்க பயமா இருக்கு. லேபிள் நனையாம இதை எப்படிக் கழுவறீங்க, யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்களேன், அதுவரைக்கும் வரிசை அங்கயே நிக்குது.