தொலைபேசிப் பெட்டியில் பதிந்த பாடல்கள்: எதாக மாற்றுவது, எதைக் காப்பாற்றுவது?

சாட்ஸ்வொர்த் பேத்தி
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதிச் சங்கத்தில் 1990களில் ஒரு தொலைபேசிச் செய்திப் பெட்டி இருந்தது. தைப்பூசக் காவடி நாட்களில் அந்த எண்ணை அழைத்தால் ஒரு பாடல் கேட்கும். பெரியவர்கள் வீட்டிலிருந்தபடியே அழைத்துப் பாடிப் பதிவும் செய்யலாம். என் ஆயா பாடிய தாலாட்டும் காவடிச் சிந்தும் அதில் இருக்கின்றன. பழைய கணினியைத் தூக்கி எறிவதற்கு முன் வன்தட்டிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டேன். சில கோப்புகளின் பெயர் ‘.ஏயு’ என்று முடிகிறது. மற்றவை மொட்டையாக இருக்கின்றன. விண்டோஸ் திறக்க மறுக்கிறது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் சாதாரண 8 பிட் ஒலியாக இறக்கினால் குரல் இருப்பது தெரிகிறது, ஆனால் உலையில் மணலைப் போட்டுக் கிளறுவதுபோல் இரைகிறது. வீட்டில் எல்லோரும் கேட்க வேண்டுமானால் எதாக மாற்றுவது?

பழைய எக்ஸ்சேஞ்ச்
அம்மா, கோப்பு கெடவில்லை, திறந்த விதம்தான் பொருந்தவில்லை. தொலைபேசி, குரலை நொடிக்கு 8000 முறை அளந்து ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் அடக்குகிறது. படிகள் சமமாக இருப்பதில்லை. மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகள், உரத்த ஒலிக்கு அகன்ற படிகள். 1972இல் வந்த ஜி.711 என்ற தரம் இதற்கு இரண்டு முறைகளைத் தந்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ-லா. ஐரோப்பாவிலும் நம் தென்னாப்பிரிக்காவிலும் ஏ-லா. டர்பனில் பதிந்தது என்றால் ஏ-லாதான். ஆடாசிட்டியில் ‘ரா டேட்டா’ (வெறும் தரவு) இறக்குமதிக்குப் போய் ஏ-லா, 8000, ஒற்றைத் தடம் என்று கொடுங்கள்.

வீட்டுக்கணினி
அவசரப்படாதீர்கள் ஐயா. கம்பி டர்பனில் ஓடியது, சரி. செய்திப் பெட்டியின் மென்பொருள் எங்கே எழுதப்பட்டதோ? ‘.ஏயு’ என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கணினிகளோடு வந்த வடிவம். அங்கே மியூ-லாதான் வழக்கம். ஊகிக்கவே தேவையில்லை. கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் 46, 115, 110, 100 என்று இருந்தால் தலைப்பகுதி (கோப்பு எப்படிப்பட்டது என்று சொல்லும் முன்குறிப்பு) இருக்கிறது என்று பொருள். அதிலுள்ள குறியாக்க எண் 1 என்றால் மியூ-லா, 27 என்றால் ஏ-லா. தலைப்பகுதி இல்லாதவற்றில், பாடுகிறவர் பாட்டை நிறுத்தி அமைதியாக இருக்கும் இடத்தை பைட் பைட்டாகப் பாருங்கள். 255உம் 127உம் நிறைந்திருந்தால் மியூ-லா. 213உம் 85உம் நிறைந்திருந்தால் ஏ-லா. மியூ-லாவுக்குப் பதில் ஏ-லா என்று அட்டவணை மாறினாலும் சொற்கள் ஓரளவு புரியும். அமைதியாக இருக்க வேண்டிய இடம்தான் கொரகொரக்கும்.

இது முடிந்ததும் அத்தனையையும் நொடிக்கு 44100 அளவுகள் கொண்ட எம்பி3 ஆக்கி, ஆளுக்கொரு பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள். பழைய கோப்புகளை அழித்துவிடலாம்.

பழைய எக்ஸ்சேஞ்ச்
தலைப்பகுதி இருக்கும் கோப்புக்கு அதுவே தீர்ப்பு. மொட்டைக் கோப்புகளுக்கு இன்னும் ஏ-லா என்றே பந்தயம் கட்டுவேன். ஆனால் ‘அழித்துவிடலாம்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? மூலம் நிமிடத்துக்கு 480,000 பைட். நொடிக்கு 64 கிலோபிட். நீங்கள் 64 கிலோபிட்டில் எம்பி3 செய்தால் அதே அளவுதான் வரும். எதை மிச்சம் பிடித்தீர்கள்? ஏற்கெனவே ஒருமுறை சுருக்கிய ஒலியை, வேறொரு கணக்கை வைத்து இன்னொரு முறை வெட்டியதுதான் மிச்சம்.

16 பிட் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாக, 8000லேயே மாற்றுங்கள். நிமிடத்துக்கு 960,000 பைட். இன்றைய வன்தட்டுக்கு அது தூசு.

வீட்டுக்கணினி
உங்கள் 8000 வேவ் கணினியில் பாடும். என் மாமாவின் காரில் பாடாது. எம்பி3யிலும் 8000 என்பது பின்னால் ஒட்டிய விரிவாக்கம். பல பழைய கருவிகளுக்கு அது தெரியாது. கேட்கப் போகிறவர்கள் எழுபது வயதுப் பெரியவர்கள். அவர்களை உட்கார வைத்து ஆடாசிட்டி பாடம் நடத்தப் போகிறீர்களா? இன்னொன்று: மியூ-லாவை 16 பிட்டாக மாற்றினால் எதுவும் இழக்கப்படுவதில்லை, வேண்டும்போது திருப்பியும் மாற்றலாம் என்று நீங்களே ஒத்துக்கொள்வீர்கள். பிறகு மூலத்தைப் பெட்டியில் பூட்டி வைத்து என்ன பயன்?

பழைய எக்ஸ்சேஞ்ச்
முழுதும் திரும்பாது. மியூ-லாவில் 255உம் பூஜ்யம், 127உம் பூஜ்யம்; ஒன்று மேல் பக்கத்துப் பூஜ்யம், மற்றது கீழ்ப் பக்கத்துப் பூஜ்யம். 16 பிட்டுக்குப் போனால் இரண்டும் ஒரே பூஜ்யம். திரும்பி வரும்போது எல்லாம் 255.

வீட்டுக்கணினி
இரண்டு பூஜ்யத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கும் காதை எனக்குக் காட்டுங்கள், உங்கள் கட்சிக்கு வந்துவிடுகிறேன்.

பழைய எக்ஸ்சேஞ்ச்
காதுக்குத் தெரியாது. நீங்களே மேலே எழுதிய 255–127 சோதனைக்குத் தெரியும். மூலம் போய்விட்டால் நாளைக்கு ஒருவர் அந்தச் சோதனையை எதில் செய்வார்? கார் வேண்டுமென்றால் காருக்குத் தனி நகல் போடுங்கள். அதையும் 48000இல் செய்யுங்கள். 8000ஐச் சரியாக ஆறால் பெருக்கினால் கணக்கு சுத்தம். 44100 என்றால் 5.5125 மடங்கு.

வீட்டுக்கணினி
நல்ல மென்பொருள் 5.5125ஐயும் சுத்தமாகவே செய்யும். சாக்ஸ் போன்ற ஒலிமாற்று நிரலில் அந்த வித்தியாசத்தை யாரும் காதால் கேட்டதில்லை. ஆனாலும் 48000 என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

சனிக்கிழமை வகுப்பு
நடுவில் வருகிறேன். டர்பனில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். என் மாணவர்கள் வீட்டில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். தமிழ் அவர்களுக்குப் பாட்டாகத்தான் வருகிறது. இங்கேயே பிறந்து வளர்ந்த ஓர் ஆயாவின் உச்சரிப்பு கிடைப்பது எனக்குப் புதையல். அதைத் தொலைபேசிக் குரலாகவே கொடுத்தால் பிள்ளைகள் பாதியில் எழுந்துபோய்விடுவார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவு நிரல்கள் மேல் அதிர்வெண்களைச் சேர்த்து, பக்கத்தில் அமர்ந்து பாடுவதுபோல் ஆக்கித் தருகின்றன. அதை ஏன் யாருமே சொல்லவில்லை?

பழைய எக்ஸ்சேஞ்ச்
வேண்டுமென்றே சொல்லவில்லை, டீச்சர். தொலைபேசி 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கொண்டுபோகும். நொடிக்கு 8000 மாதிரிகள் (அளவெடுப்புகள்) என்றால் 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் இருக்கவே முடியாது. சகரத்தின் சீறல், ‘ஸ’வுக்கும் ‘ஷ’வுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி, எல்லாம் அந்த எல்லைக்கு மேலே போய்விட்டன. நிரல் சேர்ப்பது வேறு யார் யாரோ பேசியதைக் கேட்டுப் பழகிய ஊகம். அந்த ஆயா ‘சாமி’யை எப்படிச் சொன்னார் என்று பிள்ளை கேட்டால், நீங்கள் காட்டப் போவது இயந்திரம் போட்ட சகரம். பாட்டுக்கு இது போதும், உச்சரிப்புப் பாடத்துக்கு ஆகாது.

சனிக்கிழமை வகுப்பு
அப்படியானால் தொலைபேசிப் பதிவே உச்சரிப்புப் பாடத்துக்கு ஆகாதே! உங்கள் நியாயப்படி சகரம் அதிலும் இல்லை.

பழைய எக்ஸ்சேஞ்ச்
சகரம் தேறாது. ழகரம் தேறும். ல, ள, ழ மூன்றையும் பிரித்துக் காட்டும் ஒலிவலு பெரும்பாலும் 3400க்குக் கீழே இருக்கிறது. உங்களுக்குத் தலைவலி தருவதும் அந்த மூன்றுதானே? சுருதியும் பிழைக்கும். பெண் குரலின் அடி அதிர்வெண் பெரும்பாலும் 300க்குக் கீழே வெட்டுப்பட்டாலும், அதன் மடங்குகளைக் கேட்டே காது சுருதியைக் கட்டிக்கொள்ளும்.

சனிக்கிழமை வகுப்பு
ழகரத்துக்கு மூலத்தையே எடுத்துக்கொள்கிறேன். பத்து வயதுப் பிள்ளையை உட்கார வைப்பதற்கு மெருகேற்றிய நகலும் எனக்கு வேண்டும். பெயரிலேயே ‘மெருகேற்றியது’ என்று எழுதிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

பழைய எக்ஸ்சேஞ்ச்
பெயர் மூன்றாவது வாட்ஸ்அப் குழுவைத் தாண்டாது. பிறகு அதுவே ஆயாவின் குரலாகிவிடும்.

வீட்டுக்கணினி
இதில் நான் ஐயா பக்கம். எழுதும்போதே வியப்பாக இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஓர் எச்சரிக்கை: இடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று 8 பிட் வேவ் ஆக்கிவிடாதீர்கள். சாதாரண 8 பிட்டில் ஒரு படி மிக அகலம். மியூ-லாவில் பூஜ்யத்தை ஒட்டி மேல் பக்கம் இருக்கும் 16 படிகளும் அதில் வெறும் பூஜ்யமாகிவிடும். தாலாட்டின் கடைசி அடி தேய்ந்து மெலிகிறதே, அது அந்த 16 படிகளுக்குள்தான் கிடக்கும். பழைய சவுண்ட் பிளாஸ்டர் ஒலி அட்டைகள் 8 பிட்டோடு நின்ற காலத்தில் இப்படி மாற்றிய பதிவுகளில், மெல்லிய இடம் வந்தால் இரைச்சல் குரலோடு ஒட்டிக்கொண்டே வரும்.

சாட்ஸ்வொர்த் பேத்தி
பார்த்துவிட்டேன். ‘.ஏயு’ கோப்புகள் அனைத்திலும் குறியாக்க எண் 1. மொட்டைக் கோப்புகளில் பெரும்பாலானவை 213, 85. அந்தந்த அட்டவணையில் மாற்றியதும் இரைச்சல் போய்விட்டது. காவடிச் சிந்தின் நடுவே ஆயா யாரையோ ‘கதவைச் சாத்து’ என்று அதட்டுவதுகூடக் கேட்கிறது. மூலத்தை இரண்டு வன்தட்டுகளில் வைத்துவிட்டேன், 16 பிட் நகல் எடுத்துவிட்டேன், காருக்கு 48000 எம்பி3. மெருகு வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். டீச்சர் கோபிக்க வேண்டாம், மூலத்தை அனுப்புகிறேன். ஆனால் இரண்டு மொட்டைக் கோப்புகள் ஏ-லாவிலும் மியூ-லாவிலும் வெறும் இரைச்சலாகவே வருகின்றன.

பழைய எக்ஸ்சேஞ்ச்
அவை 4 பிட் ஏடிபிசிஎம் (அடுத்தடுத்த அளவுகளின் வித்தியாசத்தைச் சேமிக்கும் முறை) ஆக இருக்கலாம். டயலாஜிக் நிறுவனத்தின் தொலைபேசி அட்டை போட்ட செய்திப் பெட்டிகளில் அது சாதாரணம். ஒரு பைட்டில் இரண்டு மாதிரிகள். அதே இறக்குமதிப் பட்டியலில் ‘வாக்ஸ் ஏடிபிசிஎம்’ என்று இருக்கும், அதை 8000இல் முயலுங்கள். ஆயா அவசரமாகப் பாடுவதுபோல் இருந்தால் 6000.