பெருந்தமனியைச் சுற்றிச் செல்லும் இடச் சிறுநீரகச் சிரை: தானத்துக்குத் தடையா?

கேள்வி (சிங்கப்பூர், ஈசூன் வாசகர்):
அண்ணனுக்கு என் இடச் சிறுநீரகத்தைத் தர முன்வந்துள்ளேன். சிடி ஸ்கேன் அறிக்கையில், அதன் சிரை இரண்டாகப் பிரிந்து ஒரு கிளை பெருந்தமனிக்கு முன்னும் மற்றொன்று பின்னும் செல்வதாக எழுதியிருக்கிறார்கள். இது நோயா? வாரந்தோறும் ரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றுவரும் அண்ணனிடம் என்ன சொல்வது?

மறுமொழி (அறுவை சிகிச்சைத் துறையில் இருப்பவர்):
இது நோயன்று. கருவில் ஏறக்குறைய 6 முதல் 8 வாரங்களுக்குள் பெருந்தமனியைச் சுற்றி வளையம்போல் அமையும் சிரைகளில் பின்பாதி பொதுவாக மறைந்துவிடும். உங்களுக்கு அது மறையாமல் தங்கியிருக்கிறது. தானத்துக்குப் பெரும்பாலும் இடச் சிறுநீரகத்தையே நாடுவது, அதன் சிரை நீளமானது, பெறுபவரின் உடலில் இணைத்துத் தைக்க வசதியானது என்பதால்தான். முன்கிளை போதிய அகலத்துடன் இருந்தால் அந்த வசதி உங்களிடமும் உண்டு. சிறுநீரகத்துக்குள் சிரைகள் ஒன்றோடொன்று கலந்திருப்பதால், சிறிய பின்கிளையைக் கட்டிவிட்டாலும் ரத்தம் முன்கிளை வழியே வெளியேறிவிடும். தமனிக் கிளையை அப்படிக் கட்ட இயலாது. அது ஊட்டும் பகுதி செத்துவிடும்.

கவனம் வேண்டியது பின்கிளையில்தான். அது பெரும்பாலும் தாழச் சாய்ந்து, முதுகெலும்பை ஒட்டிச் செல்லும். முதுகுப்புறச் சிரைகளும் அதில் வந்து சேர்வதுண்டு. லேப்ராஸ்கோபியில் (சிறு துளைகள் வழியே கேமரா செலுத்திச் செய்யும் அறுவையில்) முன்னிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது எளிதில் புலப்படாது என்பதால், இருப்பதை அறியாமல் திசுவைப் பிரித்தால் கிழிந்து, அடக்கக் கடினமான ரத்தப்பெருக்கு ஏற்படலாம். முன்கூட்டியே தெரிந்துவிட்டது உங்களுக்கு மிக நல்லது.

மறுமொழி (கதிரியக்கப் பிரிவு ஊழியர்):
படம் எப்படி எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். உங்களுடையதைப் போன்ற இன்னொரு மாறுபாட்டைப் பாருங்கள்: சிலருக்குக் கீழ்ப்பெருஞ்சிரையே (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுசெல்லும் பெரிய சிரை) இரட்டையாக இருக்கும். ரத்தக்குழாய்களைப் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்தை ஏற்றாத ஸ்கேனில் இடப்பக்கச் சிரையை வீங்கிய நிணநீர்க் கணு என்று கருதிவிட வாய்ப்புண்டு. அவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்து, இரட்டைச் சிரை இருப்பது தெரியாமல், உறைகட்டியைத் தடுக்கும் வடிகட்டியை வலப்பக்கச் சிரையில் மட்டும் வைத்தால், இடக்காலின் ரத்த உறைகட்டி இடப்பக்கச் சிரை வழியாக நுரையீரலை எட்டிவிடலாம். ஆகவே, சிரைகளில் மருந்து நிறைந்த நேரத்தில் எடுத்த படங்களை அறுவை மருத்துவரே பார்த்தாரா என்று கேளுங்கள்.

மறுமொழி (தம்பிக்குச் சிறுநீரகம் தந்தவர்):
பின்கிளையின் அகலம், அதில் சேரும் சிரைகள், இடப்பக்கத் தமனி ஒன்றா பலவா, வலச் சிறுநீரகத்தை எடுப்பது பொருந்துமா என்பவற்றையும் கேளுங்கள். உயிருடன் இருப்பவர் தருவதற்கு இங்கு உறுப்பு மாற்று நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. அவர்கள் முன் செல்லுமுன் இவை உங்களுக்குத் தெளிவாக வேண்டும். அண்ணனிடம் அறிக்கையில் உள்ளதை அப்படியே சொல்லிவிடுங்கள். முடிந்தால் அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.