புயலுக்கு முன்பே சங்கப் பணத்தை எடுப்போம்

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கத்து அண்ணன்மார், தம்பி தங்கைகள் அனைவருக்கும் வணக்கம்.

தாழ்வு மண்டலம் டெல்டா பக்கம் திரும்பலாம் என்று செய்தி வந்ததிலிருந்து ஆளுக்கொரு மேகப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். ஊரில் வேலை செய்ய இன்னும் இரண்டு பகல்தான் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி வரை தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. நாம் பணம் திரட்டியதெல்லாம் அதற்கு அப்புறம். விழுந்த தென்னை ஒன்றுக்கு அரசு 1,100 ரூபாய் கொடுத்தது. அதிலும் 500 விழுந்த மரத்தை வெட்டி அகற்றும் கூலி. மறு வருஷம் வைத்த நெட்டை ரகத் தென்னங்கன்றுகள் இப்போதுதான் குலை தள்ளுகின்றன. அதனால் இந்தத் தடவை பணத்தை முன்கூட்டியே செலவழிப்போம் என்கிறேன்.

முதலில் மரம். முற்றிய காய், இளநீர் எல்லாம் இறக்கி, அடிமட்டைகளைக் கழித்துவிட்டால் தலைக்கனம் குறையும். தோட்டக்கலைத் துறையும் புயலுக்குப் புயல் இதைத்தான் சொல்கிறது. தண்ணீர் பாய்ச்சுவதை இன்றே நிறுத்தி, தூரில் மண் அணைக்கச் சொல்லுங்கள். "அடுத்த வெட்டுக்கு இன்னும் பத்து நாள் இருக்கே, பொறுப்போம்" என்பார்கள் நம் அப்பாமார். அவர்களைப் போனில் சம்மதிக்க வைப்பது உங்கள் பொறுப்பு. மரம் ஏற ஆள் குறைவு. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுத் தோப்புகளுக்கு முதலில் போகட்டும், கூலியைச் சங்கம் கொடுக்கும். மழை பிடித்துவிட்டால் யாரையும் ஏறச் சொல்லக் கூடாது.

அடுத்தது ஜெனரேட்டர். கஜாவில் கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற, கேட்ட வாடகையைக் கொடுத்தோம். இப்போதே ஒன்றுக்கு முன்பணம் கட்டி டீசலும் வாங்கி வைத்துவிடலாம். மரம் அறுக்கும் மெஷின் ஒன்றும் வேண்டும். போன தடவை தெரு முழுக்க மரம் கிடந்ததில் ஆம்புலன்ஸ்கூட உள்ளே வர முடியவில்லை.

கீற்று வீடு, சிமெண்ட் சீட் வீட்டில் இருப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். ஆடு மாடுகளை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். காற்று திடீரென்று நின்றால் புயல் போய்விட்டது என்று வெளியே வர வேண்டாம். கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். டவர் படுத்துவிட்டால் இரண்டு மூன்று நாள் பேச முடியாது, பதற வேண்டாம்.

சம்மதம் என்றால் "சரி" என்று ஒரு வரி போடுங்கள். ஊர் நேரம் இரவு 9 மணிக்குப் பொருளாளர் பணம் அனுப்புகிறார்.

வடக்குத் தெருக்காரன்,
அபுதாபி