நடுத்தர விலை எலக்ட்ரிக் கிடார்களின் கட்டுமானத் தரம்: வைத்திருப்பவர்களின் அனுபவம் என்ன?

கேள்வி:
நடுத்தர விலையில் எலக்ட்ரிக் கிடார் ஒன்று வாங்க எண்ணியிருக்கிறேன். விளம்பரங்கள் மரத்தையும், தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப்பையும் பற்றி நிறையப் பேசுகின்றனவே தவிர, சில ஆண்டுகள் வாசித்த பின் எது நிலைக்கிறது என்பதைச் சொல்வதில்லை. உங்கள் அனுபவத்தைப் பகிர வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
கணினிவழி இயங்கும் இயந்திரங்களே இன்று மரத்தை வெட்டுவதால், என் கிடாரில் உடலும் கழுத்தும் இணையும் இடம் குறையின்றி இருக்கிறது. கைவேலை தேவைப்படும் இடங்களில்தான் சிக்கனம் தெரிகிறது. வறண்ட காற்றில் விரல்பலகையின் மரம் சுருங்கும்போது அதன் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃபிரெட்டுகள் சுருங்காததால், அவற்றின் முனைகள் வெளியே நீண்டு கையை உரசின. அரத்தால் தேய்த்த பிறகு அத்தொல்லை இல்லை. (விலை உயர்ந்த கிடார்களும் இதற்கு விலக்கல்ல.)

மறுமொழி 2:
சுருதி நிற்கவில்லை என்றால் பலரும் உடனே டியூனரை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகை) மாற்றிவிடுகிறார்கள். இது பெரும்பாலும் வீண்செலவு என்பேன். இருபுறமும் மும்மூன்று டியூனர்கள் கொண்ட தலைப்பகுதியில் மூன்றாம், நான்காம் தந்திகள் கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டையான நட்டைக் கடந்ததும் பக்கவாட்டில் அதிகம் வளைவதால், அதன் பள்ளம் குறுகலாக இருந்தால் அங்கேயே சிக்கிக்கொள்கின்றன. என் கிடாரில் பள்ளத்தைச் சீராக்கிக் கிராஃபைட் தூள் இட்டதே போதுமானதாக இருந்தது.

மறுமொழி 3:
ஒலியளவுக் குமிழின் கரகரப்பும் கேபிள் செருகும் துளையின் தளர்வும் எளிதில் தீர்ந்துவிடும்; கழுத்துதான் முக்கியம். ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடித்து, ஏழாவது ஃபிரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஏறத்தாழ 0.25 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால் கழுத்தின் வளைவைச் சரிசெய்யும் உள்கம்பியான டிரஸ் ராடைத் திருகிப் பயனில்லை. அந்தக் கிடாரை வாங்காதீர்கள்.