மலையிலிருந்து கடலடிக்கு: பவளப்பாறை பார்த்தவர்கள் வாங்க, சொல்லுங்க

எமரால்டு தேயிலை:

2016 மே மாசம். ஊட்டியில் மலர்க் கண்காட்சி. ஊரே குளிர் தேடி மேலே ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் ஒரு வண்டி மட்டும் வெயிலைத் தேடி இறங்கினோம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. மலைக்காரனுக்கு மே மாச மண்டபம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். மூணு சட்டை மாத்தினேன்.

மறுநாள் மச்சான் வள்ளத்தில் கூட்டிப்போனார். தெற்கே மன்னார் வளைகுடா, அங்கே தீவுப் பக்கம் போக வனத்துறை அனுமதி வேணும். நாங்கள் போனது வடக்கே, பாக் விரிகுடாப் பக்கம். கரையிலிருந்து சில நூறு மீட்டரிலேயே 'பார்' வந்துவிடும். பவளத்திட்டுக்கு மீனவர்கள் சொல்கிற பெயர் அதுதான். எனக்கு நீச்சல் தெரியாது. மிதவைச் சட்டையைப் போட்டு, வள்ளத்துக் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிய முகத்தை மட்டும் தண்ணிக்குள் விட்டேன்.

எல்லாமே வெள்ளை. மான்கொம்பு மாதிரிக் கிளைத்தது வெள்ளை, மூளை மாதிரி உருண்டு கிடந்தது வெள்ளை. ஜனவரி விடியலில் தலைகுந்தா புல்வெளி உறைபனி போர்த்திக் கிடக்குமே, அச்சு அசல் அதே. தலையைத் தூக்கி, "என்னா அழகுண்ணே!" என்றேன். வள்ளக்காரப் பெரியவர் சிரிக்கவில்லை. "அழகா? தண்ணி சூடேறி வெந்து கெடக்கு தம்பி. ரெண்டு மாசம் முன்ன வந்திருந்தா கலரு பாத்திருப்பீங்க" என்றார்.

உறைபனி விழுந்த காலையில் எங்கள் தோட்டத்து ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு டூரிஸ்ட்டுகள் குதித்துக் குதித்துப் போட்டோ எடுப்பார்கள். வெயில் ஏறினால் கருகப்போகிற கொழுந்தைப் பார்த்துக்கொண்டு எங்கப்பா ஒன்றும் பேசாமல் நிற்பார். அன்றைக்கு அந்த டூரிஸ்ட் நான்.

உங்கள் கதையையும் எழுதுங்கள்.

குன்னூர் டீச்சர் (ஓய்வு):

தம்பி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு திருத்தம் மட்டும். முப்பது வருஷம் விலங்கியல் எடுத்தவள், சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் பார்த்த வெள்ளை சாவு இல்லை, பட்டினி.

பவளம் என்பது கல்லும் இல்லை, செடியும் இல்லை, பிராணி. ஊசிமுனை அளவிலிருந்து விரல்நக அளவு வரை உள்ள ஆயிரக்கணக்கான குட்டி உயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சுண்ணாம்பில் வீடு கட்டிக்கொண்டு வாழ்கின்றன. அவற்றின் சதைக்குள்ளேயே நுண்பாசி குடியிருக்கிறது. அந்தக் குடித்தனக்காரர் தரும் வாடகை சாப்பாடு. வெயிலில் சமைத்து, பவளத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதியைக் கொடுத்துவிடும். பழுப்பு, பச்சை நிறமெல்லாம் பெரும்பாலும் அந்தப் பாசியுடையதுதான். வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, அது சில வாரம் அப்படியே நின்றால் போதும், பாசி நச்சுப்பொருளை உண்டாக்க ஆரம்பிக்கும். பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிவிடும். அப்புறம் தெரிவது கண்ணாடி மாதிரிச் சதையும் அதன் வழியே சுண்ணாம்பு எலும்பும். தண்ணீர் சீக்கிரம் ஆறினால் பாசி திரும்பி வரும், பிழைத்துக்கொள்ளும். ஆறாவிட்டால்தான் முடிந்தது. செத்த பவளம் ரொம்ப நாள் வெள்ளையாக நிற்காது, மேலே வேறு பாசி படர்ந்து அழுக்காகிவிடும். மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 என்று இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

என் அனுபவம் லட்சத்தீவு. ஐம்பத்தெட்டு வயதில், பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். எல்லாரும் நிறத்தைச் சொல்வார்கள், எனக்கு முதலில் பிடிபட்டது சத்தம். காது தண்ணிக்குள் போனதும் யாரோ பக்கத்தில் கடுகு தாளிக்கிறார்கள்! படபடபட என்று ஓயாமல். சொடுக்கு இறால்களாம். ஒற்றை இடுக்கியை விசையாக மூடும்போது உண்டாகிற நீர்க்குமிழி உடைகிற சத்தம். அதற்கு நடுவில் மொறுக், மொறுக் என்று இன்னொன்று. அது கிளிமீன், பவளக்கல்லைக் கடித்துப் பாசியைச் சுரண்டித் தின்கிறது. தின்ற கல்லை அரைத்து, பின்பக்கமாக வெள்ளை மணலாக ஒரு புகை விடும். இந்தத் தீவுக் கடற்கரையில் நாம் காலை நீட்டி உட்காருகிற மணலில் கணிசமானது இப்படி வந்ததுதான் என்று பேத்தியிடம் சொன்னேன். அன்று சாயங்காலம் அவள் மணலில் உட்காரவே இல்லை.

இன்னொன்று. ஒரு பெரிய கலவா மீன் வாயைப் பிளந்தபடி அசையாமல் நின்றது. விரல் நீளத்தில் நீலக்கோடு போட்ட குட்டி மீன் அதன் வாய்க்குள் போய், செவுள் வழியாக வெளியே வந்தது. ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்கிற துப்புரவு மீன். பின்னால் இன்னும் இரண்டு மீன் காத்துக்கொண்டு நின்றன. பல் டாக்டர் வாசலில் டோக்கன் வாங்கின மாதிரி.

வெலிங்டன் மருமகள்:

டீச்சர், ஒரு சந்தேகம். என் மாமியார் ஷோகேஸில் பூப்போட்ட வெள்ளைக் கல் ஒன்று இருக்கிறது. எப்பவோ ராமேஸ்வரம் போனபோது வாங்கினாராம். இதுவும் பவளமா?

குன்னூர் டீச்சர் (ஓய்வு):

பவளம்தான், அதன் எலும்பு. 2001-லிருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலி இருக்கிற அதே அட்டவணை. வாங்குவதும் விற்பதும் குற்றம். மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

வெலிங்டன் மருமகள்:

புலியே பரவாயில்லை.

மன்னவனூர் லோடு:

நான் கடலுக்குள்ள எறங்குனதே இல்ல. கேரட்டும் பூண்டும் ஏத்திக்கிட்டு ராமநாதபுரம் போவேன், சிலசமயம் தூத்துக்குடி. ஆனா பவளத்த நான் சுவத்துல பாத்திருக்கேன். கடக்கரை ஊருல ஒரு பழைய வீட்டு நெழல்ல லாரிய நிறுத்திட்டுச் சாஞ்சா, முதுகுல முள்ளு முள்ளா குத்துது. திரும்பிப் பாத்தா கல்லு பூரா சின்னச் சின்ன நச்சத்திரம். வீட்டுக்கார ஆச்சிட்ட கேட்டேன். "எல்லாம் கடல்ல வெட்டுன கல்லுப்பா. அந்தக் காலத்துல வள்ளம் வள்ளமா வரும். சுண்ணாம்புக் காளவாசல்லயும் இதத்தான் போட்டுச் சுட்டோம்" னுச்சு. வெட்ட வெட்ட தீவுக்கு அரண் போச்சாம், அலை நேரா அடிச்சு மண்ண அரிச்சுருச்சாம். மன்னார் வளைகுடாவுல இருந்த இருபத்தியோரு தீவுல பூவரசன்பட்டி, விலங்குசல்லி ரெண்டும் தண்ணிக்குள்ள போயிருச்சு. ஆச்சி அதுல ஒண்ணுல சின்னப்புள்ளையா எறங்கி வெளையாடிருக்கு.

ஒரு தீவு இருந்துச்சு, இப்ப இல்லன்னு ஒருத்தர் வாயால கேக்குறது ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு.

சோலைநாற்று:

கொடைக்கானல் பக்கம் சோலை மர நாற்றங்காலில் வேலை செய்கிறேன். வாட்டில் என்கிற அயல் மரத்தின் கன்று பிடுங்குவதும் எங்கள் வேலைதான், எத்தனை பிடுங்கினாலும் அடுத்த மழைக்கு முளைக்கும். பாம்பன் பக்கத்துக் குருசடைத் தீவுக்குப் படகில் போயிருந்தேன். படகில் வந்த பாசி எடுக்கிற அக்கா ஒருவர் கப்பாபைகஸ் பற்றிச் சொன்னபோது, எங்கள் ஊர்க் கதையையே உப்புத் தண்ணியில் கேட்ட மாதிரி இருந்தது. அது வெளியிலிருந்து வந்த கடல்பாசி. ஐஸ்கிரீம், பற்பசையைக் கெட்டியாக்குகிற காரகீனன் என்கிற பொருளை அதிலிருந்து எடுக்கிறார்கள். மண்டபம் பக்கம் மூங்கில் மிதவையில் கட்டி வளர்த்தார்கள். அதிலிருந்து பிய்ந்த துண்டுகள் போய்க் குருசடைப் பவளத்தின் மேல் உட்கார்ந்து, பாய் போல மூடிவிட்டன. வெளிச்சம் கிடைக்காமல் அடியில் இருப்பது சாகிறது. கையால்தான் பிய்த்து எடுக்க வேண்டும், நுனி விட்டுப்போனால் மறுபடி வளரும். வாட்டிலும் தோல் பதனிடும் பட்டைக்கும் விறகுக்கும் என்று ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்ததுதானே. பழனி மலையில் புல்வெளியைத் தின்றுவிட்டது. மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு 'எவ்வளவு பச்சை' என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த அக்காவிடம் இதைப் பேசியபோது அவர் ஒன்று சொன்னார்: "அந்தப் பாசியிலதான் எங்க ஆளுங்க நாலு காசு பாத்துச்சு. வேணாம்னு சொல்றவுக வேற வழியும் சொல்லணும்ல." எனக்குப் பதில் இல்லை. நாங்களும் வாட்டில் விறகில்தான் வெந்நீர் வைக்கிறோம்.

அரவேணு அப்பா:

எல்லாம் சரிங்க, பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக எந்த மாசம் நல்லது? ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது.

எமரால்டு தேயிலை:

மச்சானிடம் கேட்டேன்: அங்கே வடக்குக் கடலைப் பெண்கடல் என்றும் தெற்குக் கடலை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் (தென்மேற்குப் பருவக்) காற்றுக் காலத்தில் ஆண்கடல் கலங்கிக் கிடக்கும், பெண்கடல் பக்கம் போகலாம். வாடை (வடகிழக்குப் பருவக் காற்று) வந்துவிட்டால் தலைகீழ். கலங்கிய தண்ணியில் உங்கள் கையே தெரியாது, பவளம் எங்கே தெரிய? மிதவைச் சட்டை கட்டாயம். மிக முக்கியம், பிள்ளைகள் கால் ஊன்றவே கூடாது. நிற்கலாம் என்று தோன்றுகிற பாறை உயிருள்ளது. உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். ஒரு மிதியில் போவது பல வருஷம். உங்கள் காலும் கிழியும், அந்தக் காயம் லேசில் ஆறாது.

அரவேணு அப்பா:

பஸ்ஸா, சொந்த வண்டியா?

மன்னவனூர் லோடு:

வத்தலகுண்டு வரைக்கும் வந்துருங்க. அடுத்த வாரம் ராமநாதபுரத்துக்கு கேரட் லோடு இருக்கு, கேபின்ல மூணு பேரு தாராளமா உக்காரலாம். இந்தத் தடவ நானும் தலைய உள்ள விட்டுப் பாக்குறேன், அந்தக் கடுகு தாளிக்கிற சத்தத்த கேக்கணும்.